சத்துமாவு டப்பாவில் முளைத்த கொம்பு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இதனால் ஆத்தூர் நகர எல்லைக்குள் வசிக்கும் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவைச் சேர்ந்த மா. சென்றாயனாகிய எனக்கு இன்று காலை பல் துலக்கும் வேளையில் மீசை முளைத்துவிட்டது. இடப்பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. வலப்பக்கத்தோடு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்.

செய்தியை முதலில் அம்மாவிடம்தான் வெளியிட்டேன். தையல் மெஷினில் குனிந்திருந்தவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் உதட்டுக்கு மேலே தேடினாள்.

“எங்கடா?”

“வெளிச்சத்துல பாரும்மா.”

“அட, ஆமா. பூனைக்குட்டி பால் குடிச்சாப்பல இருக்குது. மீசைதானடா முளைச்சிருக்கு? என்னமோ கொம்பு முளைச்சவனாட்டம் குதிக்கற.”

இந்த வீட்டில் என்னை மதிக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

இது அப்பாவுக்கு மில்லில் கொடுத்த டைரி. அப்பா மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டுகிறார். காட்டில் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி மில்லில் கொட்டுவார். எழுதுகிற பழக்கம் இல்லை. முன்பாதியில் அம்மா ஜாக்கெட் அளவு எழுதிவிட்டாள். பின்பாதி எனக்கு. நாளைக்கு நான் பெரிய ஆள் ஆனதும் இதைத் தேடி அலைவார்கள் என்பதால் என்னைப் பற்றிச் சில குறிப்புகள்.

பெயர்: சென்றாயன். குலசாமி பெயர். வகுப்பில் சார் “சென்றாயா?” என்று கூப்பிட்டால் மொத்த வகுப்பும் “வந்தான் சார்” என்று கத்தும். அம்மா பெயர் செல்லாயி. ஆக, நான் போனவன், அம்மா போகப்போகிறவள், அப்பா லாரியில் போய்க்கொண்டே இருப்பவர். முக்காலமும் போகிற குடும்பம்.

வீரம்: உண்டு. சுடுகாட்டு வழியாகச் சைக்கிளில் வந்தவன் நான். சாட்சி, பக்கத்து பெஞ்சு பூபாலன். (சாட்சி கண்ணை மூடிக்கொண்டு வந்தது.)

தொழில்: குறும்பு. பரம எதிரி: அம்மா. போன மாதம் அவளுடைய பட்டன் டப்பாவில் ரப்பர் பல்லி வைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடச் சட்டையை மாட்டினால் ஒரு கை வெளியே வரவே இல்லை. கைவாயைத் தைத்து மூடிவிட்டாள். காலைப் பிரார்த்தனையில் ஒற்றைக் கையோடு நின்று தமிழ்த்தாயை வாழ்த்தினேன்.

ஆகஸ்ட் 10, சனி

வலப்பக்கமும் உடன்பாட்டுக்கு வந்துவிட்டது. மீசை இப்போது இரு பக்கமும் சமம். பூபாலன் வயிறெரிந்தான். இதற்கிடையில் அம்மா, தன் கண்மை டப்பி சீக்கிரம் காலியாகிறது என்று புலம்புகிறாள். எலி தின்றிருக்கும்.

இன்றைய சாதனை வேறு. எங்கள் அடுக்களையில் ஒரு பெரிய தகர டப்பா இருக்கிறது. நான் குழந்தையாக இருந்தபோது எனக்குச் சத்துமாவு அரைத்து வைத்த டப்பா. அம்மா பச்சை பெயின்ட்டால் ‘சத்துமாவு’ என்று எழுதியிருப்பாள். இப்போது உள்ளே இருப்பது ஜவ்வரிசிக் குருணை. மில்லில் உடைந்ததை அப்பா மூட்டையாகக் கொண்டுவருவார்.

அது முழுக்க அம்மாவுக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றுப்புண் வந்தது. காரம் ஆகாது என்றார்கள், மிளகாய் போனது. எரிகிறது என்று புளி போனது. பருப்பு வாயு. கீரை சேரவில்லை. முட்டையைப் பார்த்தாலே குமட்டல். மீனும் கறியும் வாசலோடு சரி. கோதுமை சூடு. கடைசியில் சோறே வயிற்றில் கல்லாட்டம் நிற்கிறது என்று அதுவும் போனது. எல்லா வேட்பாளர்களும் டெபாசிட் இழக்க, ஜவ்வரிசிக் கஞ்சி போட்டியின்றித் தேர்வானது. காலையில் கஞ்சி. மதியம் கஞ்சி. ராத்திரி கொஞ்சம் சர்க்கரை கூடப் போட்ட கஞ்சி. வயிறு அடங்கிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஜவ்வரிசி என்றால் சாமி. பக்கத்து வீட்டுப் பாவாயி அத்தைதான் பூசாரி.

“நம்ம ஊரு ஜவ்வரிசியத் தின்னுதான்டா வடக்கத்தியாளுங்க நாள் பூரா விரதம் இருக்கறாங்க. அத்தனையும் சத்து!”

அந்தச் சத்தில்தான் கை வைத்தேன். ‘ச’வுக்கு முன்னால் கறுப்பு மார்க்கரால் ஓர் ஒற்றைக்கொம்பு. ‘சத்துமாவு’ ‘செத்துமாவு’ ஆகிவிட்டது. சத்துக்கும் செத்ததுக்கும் நடுவே ஒரு கொம்புதான் வித்தியாசம். தமிழே, நீ வாழ்க!

மதியம் டப்பாவைத் திறக்கப் போன அம்மா பார்த்துவிட்டாள். “அடப் பாவி! எனக்கே கொம்பு வச்சுட்டியா!” என்று சிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நின்ற பிறகும் மூச்சு நிற்காமல் வாங்கியது. என் நகைச்சுவையின் வீரியம் அப்படி. உதடு ஊதா மாதிரி தெரிந்தது. அடுக்களையில் வெளிச்சம் கம்மி.

“இரு... உனக்கு... இருக்குதுடா,” என்றாள். பழிவாங்காமல் விடமாட்டாள். நான் தயார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடி ஏற்றினோம். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

அம்மா இப்போதெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். முதுகுக்கு இரண்டு தலையணை. படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். “வாட்ச்மேன் வேலைக்குப் பழகறியாம்மா?” என்று கேட்டேன். சிரித்தாள். எழுந்து அடிக்க வரவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எங்கள் வீட்டுக்கு என்று ஒரு சத்தம் உண்டு. தெருமுனையில் திரும்பும்போதே அம்மாவின் மெஷின் கேட்கும். டடடடடடட என்று ஒரே மூச்சில் தையல் போகும். இன்று தெருமுனையில் நின்று கேட்டேன். டடட. நின்றது. மறுபடி டட. நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். நூல் அறுந்திருக்கவில்லை.

கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. நான் குழியில் கடுகு நட்டு வைக்கலாமா என்று கேட்டேன். மெட்டி கழலவில்லை. அப்பா பிளேடு வைத்து அறுத்து எடுத்தார். அறுத்து முடிக்க அந்தக் கைக்கு அரை மணி நேரம் ஆனது. லாரி ஸ்டியரிங் பிடிக்கிற கை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். வாயு என்று மாத்திரை. பாவாயி அத்தை வந்து பார்த்துவிட்டு, “ரத்தமில்லாம போச்சு. கஞ்சியக் கெட்டியா காச்சிக் குடு” என்றாள். அதனால் இனிமேல் கஞ்சி ஒரு டம்ளர் கூடுதல். காய்ச்சும் பொறுப்பு என்னுடையது. கட்டி விழாமல் கிண்டுகிறேன். அம்மா முழுசாகக் குடித்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

வேறு வேலை இல்லாததால் டப்பாவில் இருந்த கொம்பைத் துடைத்துப் பார்த்தேன். சோப்பு, சாம்பல், மண்ணெண்ணெய். போகவில்லை. மார்க்கர் நல்ல கம்பெனி.

செப்டம்பர் 7, சனி. பிள்ளையார் சதுர்த்தி

எழுதுவதை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் களிமண் பிள்ளையார் வாங்கி வந்தேன். தொப்பை பெரியது. சுண்டல் நான் வேகவைத்தேன், அம்மா மெஷினில் உட்கார்ந்தபடி பக்குவம் சொன்னாள். ஒரு கிண்ணம் நீட்டினேன். “எனக்கு ஆவாதுடா சாமி, கஞ்சி இருக்குது” என்றாள்.

பாவாயி அத்தையின் பேத்திக்கு ஒரு பாவாடை பாக்கி. ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் கொழுக்கட்டை ஒன்றைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். மெஷின் நின்றது. அம்மா மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தாள். துணியும் அவளோடு சரிந்தது. கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கொம்புக்குப் பழி!

கை தட்டினேன். “பிரமாதம்மா! அந்தக் கண்ணாடி தொங்குது பாரு, அதுதான் நடிப்பு!” என்றேன். எழவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கொழுக்கட்டையை முழுசாகத் தின்று முடித்தேன். “போதும், எழுந்திரு, நான் தோத்துட்டேன்” என்றேன். எங்கள் சண்டையில் இதுவரை நான் சொல்லாத வார்த்தை அது. அதைக் கேட்டும் எழவில்லை.

கையைத் தொட்டேன். ஜில்லென்று ஈரமாக இருந்தது.

அதற்கப்புறம் நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. அத்தை வந்தாள். 108 வந்தது. அப்பா லாரியை மில்லிலேயே விட்டுவிட்டு வந்தார். சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் அத்தை வீட்டில் இருக்கிறேன்.

பாவாடையில் ஊசி குத்தியபடியே நிற்கிறது. யாரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

எனக்குப் பயம் இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

சேலம் போய்ப் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரி. அம்மா மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் குழாயைக் காட்டி, “யானை,” என்றாள். பிள்ளையாரைக் கும்பிடாமல் வந்த குறையைத் தீர்த்துக்கொள்கிறாளாம். அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது.

டாக்டர் பெயர் மெஹருன்னிசா. குள்ளம், வேகமான நடை. அப்பாவிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“இதயம் வீங்கியிருக்குதுங்க. தசை தளந்து போயி, ரத்தத்த அழுத்தித் தள்ள முடியல. அதான் கால்ல நீர் கோக்குது, படுத்தா மூச்சு முட்டுது. ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாத்துட்டோம், இல்ல. பிரஷர் இல்ல, சுகர் இல்ல, தைராய்டும் சரியா இருக்கு. வயசும் முப்பத்தெட்டுதான். ஏன் இப்படி ஆச்சுன்னுதான் பிடிபடல.”

அப்பா, “சரியாயிடுங்களா?” என்றார்.

“காரணம் தெரிஞ்சா சொல்லலாம். வீட்டுல நல்லா சாப்பிடுவாங்களா?”

“எல்லாம் சாப்புடுவாங்க மேடம்,” என்றார் அப்பா உடனே. சொந்த வீட்டில் பெண்டாட்டிக்குச் சோறு இல்லையா என்று கேட்டதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “மூணு வேளையும். ஒரு குறையும் வெக்கறதில்லீங்க.”

அம்மாவும் தலையாட்டினாள். வெளி மனுஷர் முன்னால் வீட்டை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

நானும் தலையாட்டினேன். மூன்று வேளை என்பது உண்மைதானே.

செப்டம்பர் 12, வியாழன்

பாவாயி அத்தை பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, இட்லியை ஓரமாக வைத்துவிட்டாள். கஞ்சியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நர்ஸ் பார்க்காத நேரமாக ஸ்பூனால் ஊட்டினேன். “நல்லா காச்சறடா. மீசை வந்தவனுக்குக் கை ருசியும் வந்திருச்சு,” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் பூபாலனுக்கு போன் செய்து, எனக்கு ஆஸ்பத்திரி என்றால் சர்வசாதாரணம், ரத்தம் எல்லாம் பார்த்தேன் என்று சொன்னேன். ரத்தம் எதையும் பார்க்கவில்லை. இரண்டு சீட் முன்னால் ஒரு அம்மா மகனுக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காற்று நன்றாக வந்தது.

வீட்டுக்குப் போய் டப்பாவைப் பார்த்தேன். அந்தக் கொம்பு முன்னைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. ஒரு வார்த்தையை எழுதினால் அது நடக்குமா? நடக்காது. அப்படி நடந்தால் நான் எழுதிய பிட்டுக்கெல்லாம் நான்தான் மாநிலத்தில் முதல்.

டப்பாவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 14, சனி

அம்மாவை உள்ளே மாற்றிவிட்டார்கள். ஐ.சி.யூ. இதயம் தாளம் தப்பியதாம். கண்ணாடிக் கதவு. அப்பாவை மட்டும் ஒருமுறை விட்டார்கள். வெளியே வந்தார். சுவரைப் பார்த்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

காலாண்டுத் தேர்வு வருகிறது என்று தமிழ்ப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து இந்த டைரியையும் புரட்டினேன். முதல் பக்கத்தில் நான் எழுதிய வரி. ‘அம்மா போகப்போகிறவள்.’ என் கையெழுத்து. சிரிப்பதற்காக எழுதியது. முதலில் அந்த வரி, பிறகு அந்தக் கொம்பு. எழுதியது எல்லாம் நான்.

கண்ணை அங்கிருந்து எடுப்பதற்காக இலக்கணத்தைத் திறந்தேன். எதிர்மறை வினைமுற்று. போன தேர்வில் நான் கோட்டைவிட்ட கேள்வி. செல்லேன்: நான் செல்லமாட்டேன். செல்லான்: அவன் செல்லமாட்டான். நடுவில் இருந்ததை மூன்று தடவை படித்தேன்.

செல்லாய்: நீ செல்லமாட்டாய்.

போகப்போகிறவள் இல்லை. போகமாட்டாதவள். பெயர் வைத்த தாத்தாவுக்கு இலக்கணம் தெரியாது, ஆனாலும் வைத்துவிட்டார். முதல் பக்கத்து வரியைப் பேனாவால் அடித்தேன். தாள் கிழிகிற வரைக்கும் அடித்தேன். கண்ணாடிக் கதவுக்கு நேராகப் போய் நின்று, யாருக்கும் கேட்காமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். செல்லாய். செல்லாய். செல்லாய்.

எனக்குப் பயம் இல்லை என்று முன்பே எழுதிவிட்டேன். அதையே மறுபடி எழுத மாட்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று நடந்தது வரலாறு. வருங்காலத்தவர் கவனிக்க.

டாக்டர் மெஹருன்னிசா அவர்கள் காரணம் புரியாமல் கையைப் பிசைந்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் நிதானமாக எழுந்தேன். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டேன். “டாக்டர், நோயை நெஞ்சில் தேடாதீர்கள். அடுக்களையில் தேடுங்கள்!” என்றேன். வார்டே ஸ்தம்பித்தது. “என்ன சொல்கிறாய் தம்பி?” என்றார் டாக்டர். “என் தாயார் ஈராண்டுகளாக ஜவ்வரிசிக் கஞ்சி மட்டுமே அருந்துகிறார்” என்றேன். டாக்டர் என் தோளில் தட்டி, “நீ டாக்டருக்குப் படிக்க வேண்டியவன்” என்றார்.

பூபாலனுக்கும் போனில் இதைச் சொன்னேன். அவன் வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டான்.

அம்மாவிடமிருந்து புதிதாக ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 20, வெள்ளி

தமிழ்ப் பரீட்சை. எதிர்மறை வினைமுற்றுக்கு எடுத்துக்காட்டுத் தருக என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. தெரிந்த ஒரே எடுத்துக்காட்டை எழுதினேன். எழுதும்போது கண்காணிப்பாளர் என் பெஞ்சு பக்கம் வந்து, “என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்றார். தூசி சார் என்றேன்.

செப்டம்பர் 25, புதன்

முடிவு வந்துவிட்டது. அம்மாவைத் திரும்ப வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் எங்கள் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துச் சொன்னார். பாவாயி அத்தையும் வந்திருந்தாள்.

“செலினியம்னு ஒரு தாது இருக்குது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்துன்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி. உடம்புக்கு அது கடுகளவுகூட வேணாம், தூசி அளவு போதும். ஆனா அந்தத் தூசி இல்லேன்னா இதயத் தசை தாங்காம பழுதாயிடும். முட்டை, மீன், கறி, பருப்பு, தானியம்னு நாம கலந்து சாப்பிடறதுலயே வந்துரும். இவங்க ரத்தத்துல அது அடிமட்டத்துல இருக்குது.”

“செல்லாயிக்கு செல்-நியமா?” என்றாள் அத்தை. “போன் பாக்கறவளே இல்லீங்களே இவ?”

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

“மரவள்ளியிலிருந்து மாவ மட்டும் பிரிச்சு எடுக்கறதுதான் ஜவ்வரிசி. பசி அடங்கும், தெம்பு வரும். ஆனா தாதுச்சத்துன்னு ஒண்ணும் பெருசா இருக்காது. விரதக்காரங்க ஒரு நாள் சாப்பிட்டுட்டு மறுநாள் பருப்பும் ரொட்டியும் சாப்பிடறாங்க. இவங்க ரெண்டு வருஷமா விரதம் இருந்திருக்காங்க.” டாக்டர் அம்மாவைப் பார்த்தார். “இது ஒண்ணுதான் காரணம்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. வேற சத்தும் கொறஞ்சிருக்கு. ஆனா மத்ததெல்லாம் தேடிப் பாத்தாச்சு. சீனாவுல ஒரு பக்கம் மண்ணுலயே இந்தத் தாது கம்மி, அங்க ஜனங்களுக்கு இதே மாதிரி இதயம் வீங்கியிருக்குது. இதயத்துக்கான மருந்தோட இதையும் சேத்துக் குடுக்கறோம்.”

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “மூட்டைய சுமந்துட்டு வந்து போட்டது நான்தானுங்க,” என்றார்.

“மூட்டை மேல தப்பில்லீங்க. ஜவ்வரிசி நல்லதுதான். ஜவ்வரிசி *மட்டும்*தான் தப்பு.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் வந்தது. நான் இரண்டு வாரத்துக்கு முன்னால் பிளாஸ்கில் கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டியதை நினைத்தேன். கட்டி விழாமல் கிண்டியதை நினைத்தேன். முழுசாகக் குடித்தால் வந்த நிம்மதியை நினைத்தேன்.

“சரியாயிடுமா மேடம்?” என்று கேட்டது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

“முழுசா ஆகுமான்னு இப்பவே சொல்ல முடியாது. தசை எவ்வளவு மீளுதுன்னு ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கேன்ல பாப்போம்.”

அந்த இரண்டு மாசத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்டோபர் 9, புதன்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மெஷினைத் தொடக் கூடாது. மாடிப்படி கூடாது. உப்பு அளவாக. காலையில் மாத்திரை, அரை முட்டை. முட்டையைப் பார்த்து அவள் முகத்தைச் சுளிக்க, அப்பா எதிரே உட்கார்ந்துகொண்டு, “ஒரு வாய் புள்ள. எனக்காவ,” என்கிறார். லாரி ஓட்டுகிற மனுஷர் முட்டை உரிப்பதற்குள் பாதியை ஓட்டோடு எறிந்துவிடுகிறார்.

பாவாயி அத்தை இப்போது கட்சி மாறிவிட்டாள். நெத்திலி மீனைச் சுத்தம் செய்து காரமில்லாமல் வேகவைத்துக் கொண்டுவருகிறாள். தெருவில் யாராவது ஜவ்வரிசி என்றால், “மட்டுமா, கூடயா?” என்று கேட்கிறாள்.

எல்லாம் நல்லபடி போகிறது. ஆனாலும் அம்மா பேசிக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், நான் எந்த அறையில் இருந்தாலும் கேட்டுவிடுகிறது. போய் நிற்பேன். “என்னடா?” என்பாள். “தண்ணி குடிக்க வந்தேன்,” என்பேன். இன்று மட்டும் ஒரு குடம் குடித்திருப்பேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

தெருவெல்லாம் அணுகுண்டு வெடிக்கிறார்கள். நான் வீடு வீடாகப் போய், எங்கள் வாசல் பக்கம் சத்த வெடி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போன வருஷம் தகர டின்னுக்குள் சரவெடி வைத்த சென்றாயனா இது என்று பூபாலன் கேட்டான். மீசை வந்துவிட்டால் பொறுப்பும் வரும் என்றேன்.

அம்மா அதிரசம் ஒரு துண்டு தின்றாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

நேற்று ஸ்கேன். உள்ளே அம்மா, வெளியே நானும் அப்பாவும். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்ததாக எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

டாக்டர் மேடம் வந்தார். “பழைய வீக்கம் நல்லா கொறஞ்சிருக்கு. தள்ளற சக்தியும் கூடியிருக்கு. முழுசா நார்மல் இல்ல, மருந்தும் விட முடியாது. ஆனா நான் எதிர்பாத்ததவிட நல்லா இருக்குது,” என்றார். அப்பா அங்கேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

இன்று காலை தெருமுனையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். டடடடடடட. பையை வீசிக்கொண்டு ஓடினேன். கொஞ்ச நேரத்துக்குத்தான் தைக்க அனுமதி. பிள்ளையார் சதுர்த்தியில் பாதியில் நின்ற அந்தப் பாவாடையின் ஓரத்தை முடித்துக்கொண்டிருந்தாள்.

“அடுக்களைல போயி பாரு,” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

போனேன். சுவர் பக்கம் நான் திருப்பி வைத்திருந்த டப்பா நேராக நின்றது. உள்ளே வறுத்து அரைத்த மாவு: கம்பு, கேழ்வரகு, பயறு, கடலை, கொஞ்சம் ஜவ்வரிசியும். வெளியே என் கறுப்புக் கொம்பு அப்படியே இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. ‘செ’வுக்குப் பின்னால் பச்சை பெயின்ட்டால் ஒரு துணைக்கால் போட்டிருந்தாள். அவ்வளவுதான்.

‘சொத்துமாவு.’

“கொம்பு முளைச்சா என்னடா?” மெஷினிலிருந்து குரல் வந்தது. “ஒரு காலைப் போட்டா தீந்துபோச்சு!”

பழி தீர்த்துவிட்டாள். என் வாழ்நாளில் இப்படி ஒரு தோல்வியை நான் சந்தித்ததில்லை. அடுக்களையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். சாம்பார் தாளித்த நெடி கண்ணில் பட்டுவிட்டது. சாம்பார் இன்னும் தாளிக்கவில்லை.

தோற்றவன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது சண்டை விதி. ஆகவே செப்டம்பர் 16-ஆம் தேதிப் பதிவில் கீழ்க்கண்ட திருத்தம்.

நான் நிதானமாக எழவில்லை. ஐ.சி.யூ. வாசலில் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிறுத்தியிருந்த மூலையில், சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, கஞ்சிப் பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதுகொண்டிருந்தேன். சத்தம் வராமல் அழுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், வராண்டா முழுக்கக் கேட்டிருக்கிறது. டாக்டர் மேடம் குனிந்து பார்த்து, “யாருடா அது?” என்றார். நான் சொன்னது, “நான்தான் கொம்பு வச்சேன்.”

“என்ன கொம்பு?”

“செத்துன்னு ஆயிருச்சு. நான் எழுதுனதுனாலதான் எங்கம்மாவுக்கு இப்படி ஆயிருச்சு. தொடச்சாலும் போவ மாட்டேங்குது.”

“எதுல எழுதுன?”

“டப்பாவுல.”

“எந்த டப்பாவுல?”

“ஜவ்வரிசி டப்பாவுல. கஞ்சி டப்பா. அம்மாவுக்கு அது மட்டுந்தான் ஆவும். ரெண்டு வருசமா அது மட்டுந்தான். உள்ள விட மாட்டேங்கறாங்க, அம்மாவுக்குப் பசிக்கும்...”

அவர் வெள்ளைக் கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். “மட்டுமா?” என்றார். “வேற எதுவுமே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு சாமி.” அடுக்களையில் தேடச் சொன்னது நானில்லை. அழுகையோடு அழுகையாக வாயிலிருந்து விழுந்ததை அவர் பொறுக்கி எடுத்துக்கொண்டார். டாக்டருக்குப் படி என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. மூக்கைச் சிந்து என்றார். தன் கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கும் மண் ஒட்டவில்லை. கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்த டாக்டர், “என்னடா இது, கறுப்பா?” என்றார். ஆகவே சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், ஆகஸ்ட் மாதம் வெளியான மீசை பற்றிய செய்தி இதன்மூலம் வாபஸ் பெறப்படுகிறது. அது எலி தின்ற கண்மை.